அழுக்குக்கு வயதாக விடாதீர்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பதினொரு வயதில் மகள், ஆறு வயதில் மகன். மாமியார் எங்களோடு இருக்கிறார். முட்டிவலியால் அதிகம் நடமாட முடியாது. வாரம் முழுக்க வீட்டைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் பெருக்கி, துடைத்து, தேய்த்து முடிக்க மாலை நான்கு மணி ஆகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் வீடு பழையபடியே கிடக்கிறது. யாராவது வருவதாக போன் செய்தால் நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் என் மகள், "ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமா இருக்கும்மா, நீ கத்திக்கிட்டே இருப்ப" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணவர் "சொல்லு, செய்யறேன்" என்கிறார். சொல்லிச் சொல்லியே அலுத்துப்போய்விட்டது. தினமும் எத்தனை நிமிடம் ஒதுக்கினால் போதும்? என்னென்ன திரவங்கள் வாங்க வேண்டும்? குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாகக் கறை. கம்பி நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நானும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். உங்கள் உழைப்பில் குறையில்லை. வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் என்பது ஐந்து பேர் வாழும் வீட்டுக்குத் தாராளமான உழைப்பு. அந்த உழைப்பு முழுவதும் தவறான நாளில் போய் விழுகிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

இருபத்தாறு வருடங்களாக ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருக்கிறேன். முதலில் ஓட்டல் அறைகள், பிறகு மருத்துவமனை வார்டுகள், இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி. ஓட்டலில் சேர்ந்த புதிதில் தினமும் சுத்தம் செய்யப்படும் ஓர் அறையை முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை, ஏதோ பழுது காரணமாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து கொடுத்தார்கள். யாரும் தங்காத அறை, புதிதாக அழுக்கே சேராத அறை. அதை முடிக்க இரண்டு பேருக்கு அரை நாள் ஆனது. வாஷ்பேசினில் சொட்டிக்கொண்டிருந்த நீர் கல்லாகப் படிந்திருந்தது. குளியலறை மூலையில் கறுப்பாகப் பூசணம். கடைசியாகத் தங்கியவர் மேசையில் சிந்திவிட்டுப் போனது, மரத்தின் ஒரு பகுதியே ஆகிவிட்டிருந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா அன்று சொன்னதை இன்றுவரை எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கிறேன்: "அழுக்கு எவ்வளவு இருக்குன்னு பார்க்காதே, அதுக்கு என்ன வயசுன்னு பாரு."

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மல்லுக்கட்டுவது ஆறு நாள் வயதான அழுக்கோடு. அதே அழுக்கு விழுந்த நிமிடத்தில் ஈரத்துணியால் ஓர் இழுப்பில் போயிருக்கும். பேச்சுக்காகச் சொல்லவில்லை, இதற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது.

அடுப்பு மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் அப்போது வெறும் திரவம். விட்டுவிட்டால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசின் போல ஆகிறது. நாம் பிசுக்கு என்று சொல்வது இதைத்தான். எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியம் நாளடைவில் காய்ந்து கெட்டிப்படுகிறதே, அதே வினைதான் உங்கள் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஓட்டிலும் நடக்கிறது. காய்ந்த பெயின்டை ஈரத்துணியால் துடைத்தெடுக்க முடியுமா? முடியாது என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோள்பட்டை கழன்றுபோகிறது. சமையல் முடிந்து, மேடை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடைத்தால் நாற்பது விநாடி வேலை. இளஞ்சூடும் உங்களுக்குத் துணை செய்கிறது. எண்ணெய் இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கும்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கற்றுத்தரும் ஒரு வட்டம் உண்டு. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதிப் பொறியாளர் 1959இல் வகுத்தது. எந்த அழுக்கையும் நீக்குபவை நான்கு: ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் நேரத்தைக் கொடுக்காமல் தேய்ப்பைக் கூட்டுகிறோம். கழிப்பறையில் திரவத்தை ஊற்றிய கையோடு பிரஷை எடுத்துத் தேய்க்கிறோம். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் பாதித் தேய்ப்பு மிச்சம். காய்ந்துபோன பாத்திரத்தை உடனே சுரண்டாமல் நீரில் ஊற வைப்பதும் இதே கணக்குத்தான். நேரத்தை உங்களுக்காக உழைக்க விட்டுவிட்டு நீங்கள் உட்காரலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி, தினமும் எத்தனை நிமிடம். சின்னச் சின்ன வேலைகளைக் கூட்டிப் பார்த்தால் வீட்டிலுள்ள எல்லோருக்குமாகச் சேர்த்து இருபத்தைந்து, முப்பது நிமிடம் வரும். இரவில் ஐந்து பேரும் சேர்ந்து செய்யும் பத்து நிமிடம் ஒன்று உண்டு, அது தனி, பிறகு சொல்கிறேன். ஆனால் இரவு எட்டரை முதல் ஒன்பது வரை சுத்தம் செய்யும் நேரம் என்று தனியாக ஒதுக்காதீர்கள். அலுத்து வரும் நாளில் முதலில் பறிபோவது அந்த அரை மணி நேரம்தான். அதற்குப் பதில், எப்படியும் தினமும் செய்கிற காரியம் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சின்ன வேலையைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கி முடித்ததும், பிரஷை வைப்பதற்கு முன் வாஷ்பேசினைக் கையால் ஒரு சுற்று தேய்த்து நீர் விடுவது. தண்ணீர் கொதிப்பதற்காக நிற்கும் மூன்று நிமிடத்தில் காய்ந்த பாத்திரங்களை எடுத்து வைப்பது. போனில் பேசிக்கொண்டே மேசை மேல் சேர்ந்தவற்றை இடம் சேர்ப்பது. குளித்து முடித்தவர் வைப்பரால் தரையை இழுத்துவிட்டு வருவது. எதுவும் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது அந்த இடத்துக்கான வேலை இல்லை.

இவற்றில் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் நாற்றமும் நோயும் பூச்சியும் தொடங்குகிற இடங்கள் அவைதான்: சமையலறை சிங்க்கும் குளியலறையும். இரண்டிலும் எதிரி ஒன்றுதான், தேங்கும் ஈரம்.

இரவு படுக்கப் போகும்போது வீட்டில் வேறு எது எப்படிக் கிடந்தாலும் சிங்க் காலியாக, கூடுமானால் உலர்ந்து இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கரப்பான்பூச்சியால் உணவில்லாமல் தாங்க முடிகிற அளவுக்கு நீரில்லாமல் தாங்க முடியாது. இரவில் அது தேடி வருவது பெரும்பாலும் உங்கள் சிங்க்கில் நிற்கும் தண்ணீரை. அன்று பாத்திரம் கழுவவே முடியாத அளவு களைப்பா? ஒட்டியிருப்பதை வழித்துக் குப்பையில் போட்டு, ஒரு தடவை அலசி அடுக்கிவிட்டு, ஜல்லடையில் தங்கியதை எடுத்துவிடுங்கள். காலையில் கழுவும்போது எதுவும் காய்ந்து பிடித்திருக்காது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஞ் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று. 2017இல் ஜெர்மனியில், வீடுகளில் பயன்பாட்டில் இருந்த 14 ஸ்பான்ஞ்களை வாங்கி ஆராய்ந்தார்கள். அவற்றில் 362 வகை பாக்டீரியாக்களின் தடயம் இருந்தது. எல்லாமே தீங்கு செய்பவை அல்ல. ஆனாலும், சூடுநீரிலோ நுண்ணலை அடுப்பிலோ போட்டு அடிக்கடி சுத்தம் செய்யப்பட்ட ஸ்பான்ஞ்களிலும் பாக்டீரியா குறைந்திருக்கவில்லை என்பதுதான் அதில் என்னை யோசிக்க வைத்த செய்தி. பழைய ஸ்பான்ஞ்சுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம், வாரத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். இடைப்பட்ட நாட்களில் நன்றாகப் பிழிந்து, காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். சிங்க் ஓரத்து ஈரத்தில் படுக்கப் போடாதீர்கள். கரித்துணிக்கும் இதே விதி. விரித்துக் காயப் போட்ட துணியும் சுருட்டிப் போட்ட துணியும் மறுநாள் ஒன்றல்ல என்பதை மூக்கே சொல்லிவிடும்.

அடுத்தது குளியலறை. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. வெள்ளம் புகுந்த வீடுகளுக்குச் சொல்லப்படும் கணக்கு இது. குளியலறையின் சிக்கல் என்னவென்றால், அந்த இருபத்து நான்கு மணி நேரம் முடிவதற்குள் அடுத்த ஆள் குளிக்கப் போய்விடுகிறார். ஐந்து பேர் வீட்டில் தரை காயவே வழியில்லை. ஓடுகளின் இடுக்கில் கறுப்புக் கோடு விழுவது அதனால்தான். குளித்தவுடன் வைப்பரால் சுவரில் இரண்டு இழுப்பு, தரையில் நான்கு இழுப்பு. பிறகு கதவையும் ஜன்னலையும் திறந்து வைப்பது, காற்றுப்போக்கி இருந்தால் கால் மணி நேரம் ஓட விடுவது. வாளிகளையும் குவளையையும் கவிழ்த்து வைப்பது. மிதியடியைத் தூக்கிக் கம்பியில் போடுவது. இவ்வளவையும் செய்தால் மாதக்கணக்கில் அமிலம் ஊற்றித் தேய்க்கும் வேலையே வராது. குளியலறை சுத்தத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் வைப்பர் என்று சொல்வேன்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு மிதியடிகள் போட்டு, வாரம் இரண்டு முறை உதறுங்கள். வெளிச்செருப்பு அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நடமாட்டம் உள்ள பாதையை மட்டும் தினமும் பெருக்கினால் போதும், கட்டிலுக்கு அடியெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை. படுக்கையை எழுந்தவுடன் மடித்து மூடிவிடாதீர்கள். இரவு முழுக்க நம் உடலிலிருந்து வந்த ஈரம் அதில் இருக்கிறது. போர்வையை விலக்கி அரை மணி நேரம் காற்றாட விட்டபின் சீர்செய்யுங்கள். தூசுப்பூச்சி பெருக ஈரப்பதம் வேண்டும், அதை நாமே கொடுக்க வேண்டாம்.

நீங்கள் "வீடு பழையபடி கிடக்கிறது" என்று எழுதியதில் முக்கால் பங்கு அழுக்கு இல்லை, அடைசல் என்று நினைக்கிறேன். பை, சார்ஜர், துவைத்த துணிக் குவியல், பொம்மை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். அடைசலும் அழுக்கும் வேறு வேறு நோய்கள், இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. அழுக்கைத் துடைக்க வேண்டும். அடைசலுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தவறான இடத்தில் கிடக்கிறது என்றால், அநேகமாக அதற்குச் சரியான இடம் என்று ஒன்று இல்லை, அல்லது இருந்தும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. உங்கள் மகனின் பை தினமும் சோபாவில் விழுகிறதா? அவன் உயரத்துக்கு, வாசலை ஒட்டி, ஒரு கொக்கி அடியுங்கள். கதவு திறந்து, ஹேங்கரை எடுத்து, மாட்டி, மூடு என்று நான்கு படி உள்ள வேலையை ஆறு வயதுப் பிள்ளை செய்யாது. கொக்கியில் மாட்டுவது ஒரே படி, அதைச் செய்வான். அழுக்குத்துணிக் கூடைக்கு மூடி வேண்டாம் என்று நான் எல்லா வீடுகளிலும் சொல்வதும் இதனால்தான். மூடி இருந்தால் துணி மூடிமேல்தான் விழும்.

ஓட்டலில் எங்களுக்குப் பழக்கிய இன்னொன்று, வெறுங்கையோடு அறை மாறக் கூடாது. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிறீர்களா, அங்கே சேர வேண்டிய ஒரு தம்ளராவது கையில் இருக்கட்டும். ஒரு நாளில் அறைக்கு அறை எத்தனை முறை நடக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நடை முழுவதும் இப்போது சும்மா போகிறது. வீட்டில் ஐந்து பேரும் இதைப் பழகினால், சாமான்கள் யாரும் தனியாக மெனக்கெடாமலே தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது கடினமான விஷயத்துக்கு வருகிறேன். "சொல்லு, செய்யறேன்" என்கிறார் உங்கள் கணவர். அதை நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் வீட்டு வேலையில் பாதி, கண்ணால் பார்ப்பது. குப்பைக்கூடை நிரம்பிவிட்டதைக் கவனிப்பது, சோப்பு தீரப்போவதை முன்கூட்டி அறிவது, நாளைக்கு யூனிஃபார்ம் உலர்ந்திருக்குமா என்று இன்றே நினைத்துப் பார்ப்பது. அந்தப் பாதி உங்களிடமே இருக்கும்வரை, மறுபாதியை அவர் எவ்வளவு செய்தாலும் உங்களுக்கு ஓய்வு கிடைக்காது. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள், இடத்தைப் பிரித்துக் கொடுங்கள். "இன்னைக்கு பாத்ரூம் கழுவிடுங்க" என்று சொல்வதைவிட, "பாத்ரூம் இனிமே உங்க பொறுப்பு, எப்போ, எப்படி, என்ன வாங்கணும், எல்லாமே நீங்கதான்" என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் வார்டைப் பிரிப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு தளத்துக்கும் பொறுப்பாக ஒருவரின் பெயர். எல்லோருடையதும் என்று விட்ட வராந்தாதான் எப்போதும் அழுக்காகக் கிடக்கும்.

அப்படிக் கொடுத்தபின் அந்த இடத்துப் பக்கம் உங்கள் கை போகக் கூடாது. இது உங்களுக்குத்தான் கஷ்டம். முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்வது போல வராது. வைப்பர் இழுத்த கோடு தெரியும், வாளி கவிழ்ந்திருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்த் திரும்ப ஒருமுறை கழுவினால் "அவளே செஞ்சுப்பா" என்ற பாடத்தைத்தான் அவர் கற்றுக்கொள்வார். பிள்ளைகளிடத்தில் இது இன்னும் முக்கியம். மகன் மடித்த துண்டை அவன் கண்ணெதிரே பிரித்து மடிக்கவே மடிக்காதீர்கள். கோணலாகவே அலமாரிக்குப் போகட்டும்.

மகளுக்குப் பதினொரு வயது. தன் அறையையும் சாப்பாட்டு மேசையையும் முழுப் பொறுப்பாக ஏற்க அவளால் முடியும். மகனுக்குச் செருப்பு வரிசையும் பொம்மைக் கூடையும். மாமியாரை நீங்கள் வேலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முட்டிவலி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டீர்கள். ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி துணி மடிப்பதும், மேசை இழுப்பறையை ஒழுங்கு செய்வதும் அவருக்கு முடியலாம். இந்த வீட்டில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற நிறைவையும் அது தரலாம். நான் பார்த்த பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் துணி மடிக்கக் கற்றுக்கொண்டது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம், ஐந்து பேரும் ஒரே நேரத்தில், அவரவர் இடத்தில். கடிகாரத்தில் மணி வைத்து, அடித்ததும் நிறுத்திவிடுங்கள், முடியாவிட்டாலும். மணி அடித்தால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் நம்பி வருவார்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஒருநாள் இழுத்தாலும் மறுநாள் வர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலை, முடிந்தவுடன் கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுங்கள். ஒரு வாரம் மின்விசிறிகள், அடுத்த வாரம் குளிர்பதனப்பெட்டி, அதற்கடுத்த வாரம் ஜன்னல்கள், பிறகு ஒட்டடை, பிறகு கட்டிலுக்கு அடியில் கிடப்பவை. சுழற்சியாகப் போய் ஆறேழு வாரத்தில் வீட்டையே ஒரு சுற்று வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் எங்கள் தொழில் விதிகள் இரண்டுண்டு: மேலிருந்து கீழே, உலர் வேலை முடிந்தபின் ஈர வேலை. தரையைத் துடைத்துவிட்டு மின்விசிறியில் கை வைத்தால் இரண்டு முறை வேலை செய்கிறீர்கள். மின்விசிறிக்கு மட்டும் ஒரு சுருக்கு வழி. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி வெளியே இழுத்தால் தூசு முழுவதும் உறைக்குள்ளேயே விழும், உங்கள் கண்ணில் விழாது.

திரவங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சந்தையில் ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று விற்கிறார்கள். வீட்டுக்குத் தேவை மூன்று. பாத்திரம் கழுவும் திரவம். எண்ணெய்ப் பசை எங்கிருந்தாலும் அதுதான். உப்புக்கறைக்கு ஓர் அமிலம், வினிகரோ சிட்ரிக் அமிலமோ. கழிப்பறைக்கும், வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்த சமயத்துக்கும் பிளீச்சிங் திரவம். கிருமிநாசினியைச் சுத்தம் செய்த பிறகுதான் போட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே செலவாகிவிடும். போட்டபின் புட்டியில் சொல்லியிருக்கும் அத்தனை நிமிடமும் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும், உடனே துடைத்தால் பயனில்லை. நீர் கலந்த பிளீச் ஒரு நாளுக்குமேல் நிற்காது, அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பிளீச்சோடு வினிகரையோ, கழிப்பறை அமிலத்தையோ, அம்மோனியா கலந்த எதையுமோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைச் சுடும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் இரண்டு திரவம் கலந்தால் இரட்டைப் பலன் என்று நினைத்தவர்கள் மூச்சுத் திணறி வந்ததை மருத்துவமனை நாட்களில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொரு பரவலான பழக்கம் ஆபத்தில்லாதது, ஆனால் வீண்: சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரைக்க விடுவது. நுரை பார்க்க அழகாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான்.

துணிகளில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கழிப்பறைத் துணி, சமையலறைத் துணி, தூசுத்துணி, மூன்றுக்கும் மூன்று நிறம். மருத்துவமனையில் இதில் தவறினால் வேலையைவிட்டே நிறுத்துவார்கள். துணியை நாலாக மடித்துக்கொண்டால் இரு பக்கமும் சேர்த்து எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஒன்று அழுக்கானால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரே முகத்தால் வீடு முழுக்கத் துடைப்பவர் ஓரிடத்து அழுக்கை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் தொடங்காதீர்கள், தயவுசெய்து. 2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது யோசிக்காமலே வரும் நிலையை எட்ட நடுவாக 66 நாட்கள் ஆயின. மிகக் குறைந்தது 18 நாள், சிலருக்கு 254 நாள்வரைகூடக் கணக்கு போனது. இருபத்தோரு நாளில் எதுவும் பழகிவிடும் என்று நம்பி, இருபத்திரண்டாவது நாள் தவறியதும் கைவிட்டவர்கள் எத்தனை பேர்! அதே ஆய்வில் எனக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே முதல் மாதம் இரவில் காலி சிங்க் மட்டும். அது வீட்டில் நின்றபிறகு வைப்பர். அதற்குப் பிறகு பத்து நிமிட மணி. காய்ச்சல் வந்தால், தேர்வு வந்தால், ஊருக்குப் போனால் நின்றுபோகும். நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள், அதற்காக ஞாயிற்றுக்கிழமையை ஈடுகட்டும் நாளாக மாற்றாதீர்கள்.

போன் வந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றீர்கள். உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல அது. 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும், பிள்ளைகள் உள்ள குடும்பங்களைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். வீட்டை அடைசலாக, முடியாத வேலையாக விவரித்த பெண்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் நாள் போக்கில் இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே குவியல். ஆனால் அதன் பாரம் ஒருவர் உடம்பில்தான் ஏறுகிறது. இதை உங்கள் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். பொறுப்பைப் பிரிக்கும் பேச்சைத் தொடங்க இது உதவும்.

மகளிடம் நீங்கள் பேச வேண்டும் என்றும் நினைக்கிறேன். "நான் கத்தினது வீட்டு மேலே இருந்த கோபம், உன் மேலே இல்லை" என்று சொன்னால் போதும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அது புரியும். அவள் அறை இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கிடந்தாலும் எதுவும் சொல்லாமல் கடந்துவிடுங்கள்.

கடைசியாக, குழாய்க் கறை. அந்த வெள்ளை, நீரிலுள்ள கால்சியம் கார்பனேட். துளி காயும்போது நீர் போய்விடுகிறது, சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. கம்பி நாரை இன்றே தூர வையுங்கள். அது குழாயின் பளபளப்பைக் கீறும், கீறலில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஒரு தம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரையுங்கள், அல்லது வெள்ளை வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி கால் மணி நேரம் விடுங்கள். அன்று குளியலறையில் பிளீச் எதுவும் போட்டிருக்கக் கூடாது. பிறகு பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, நிறைய நீர்விட்டுக் கழுவித் துடையுங்கள். பல மாதப் படிவு என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும், ஒரே தடவையில் மணிக்கணக்காக ஊற விடாதீர்கள். வாஷ்பேசின் மேடை சலவைக்கல்லாக இருந்தால் ஒரு சொட்டும் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லும் கால்சியம் கார்பனேட்தான், கறையோடு சேர்ந்து மேடையும் கரையும்.

கறை போனபின், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணியைத் தொங்க விடுங்கள். கடைசியாகக் குளிப்பவர் குழாயை ஒரு துடை துடைத்துவிட்டு வர வேண்டும்; துளி காயாவிட்டால் சுண்ணாம்பும் படியாது. இந்த வேலைக்கு ஆறு வயது பொருத்தமான வயது. துடைத்ததும் குழாயில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் மகன் மறக்க மாட்டான்.